மனுதாரரும் நானே, ஆக்கிரமிப்பாளரும் நானே

1

நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் வீடு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இதை ஊரில் முதல்முறை சொன்னபோது என் அக்கா தனம், "அப்ப ஜன்னலத் தெறந்தா மீனு உள்ள வருமா?" என்று கேட்டாள். வராது. கடலைக் கரை கட்டி நிறுத்தி, உள்ளே ஊறுகிற தண்ணீரை ஓயாமல் இறைத்து வெளியே கொட்டிக்கொண்டே இருப்பதால்தான் இந்த ஊரில் மனிதர்கள் படுத்துத் தூங்க முடிகிறது. இறைப்பதை நிறுத்தினால் நானும் என் சோபாவும் மிதப்போம்.

என் சொந்த ஊர் சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், கல்வராயன் மலை நீலக் கோடாகத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. அங்கே நான் ஏரியில் கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவன். ஏரிக்கரையில் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், ஏரிக்குள்ளேயே. பிட்ச் அருமையாக இருக்கும். அப்படித் தண்ணீர் வராத ஊரிலிருந்து தண்ணீரைத் துரத்துகிற ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது.

பன்னிரண்டு வருஷம் நிறைந்த அதே வாரத்தில் இங்குள்ள நீர் வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இப்போதைய வீட்டுக்குக் குடிவந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்த நாட்டில் வாய்க்கால், கரை, மதகு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் அரசாங்கம் மாதிரி அமைப்பு உண்டு. அதற்குத் தேர்தலும் உண்டு. குடியுரிமை வாங்காத எனக்கும் அதில் ஓட்டு. முதல்முறை வாக்காளர் சீட்டு தபாலில் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். வாய்க்காலுக்கு எலெக்‌ஷனா? சின்னம் என்ன, தவளையா?

கடிதத்தின் தலைப்பில் தடித்த எழுத்தில் ஒரே ஒரு சொல். எழுத்துக் கூட்டினேன். "ஷோ" என்று வந்தது. நவம்பரில் ஒரு புதன்கிழமை மதியம், உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலில், என்று கீழே இருந்தது. அதற்கும் கீழே இரண்டு பக்கம் பொடி எழுத்து. பொடி எழுத்தைப் படிக்காதது எந்த மொழியிலும் எனக்குள்ள பழக்கம். நீர் வாரியம் நம் வாய்க்காலில் ஏதோ வேடிக்கை காட்டப்போகிறது, படகில் விளக்கு போட்டுக்கொண்டு வருவார்கள் என்று முடிவு கட்டினேன். ஆபீஸில் அரைநாள் லீவு போட்டேன். என் மனைவி சுதா முறுக்கு சுட்டாள். பள்ளிக்குப் புதன் மதியம் விடுமுறை என்பதால் மகள் நிலாவும் இருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது, இங்கேயே பிறந்தவள். வாய்க்காலின் மேல் பலகை அடித்து நானே கட்டிய மேடை ஒன்று உண்டு. கோடையில் அதில் உட்கார்ந்து டீ குடிப்பேன். அதில் மூன்று நாற்காலி போட்டுக் குடும்பமாக உட்கார்ந்தோம். எதிர்க்கரை வீட்டுக் கிழவர் ஹென்க் எங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார்.

மணி இரண்டுக்கு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மா, அளவு குறித்த நீளக் கழி ஒன்றோடு வந்தார். நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

அந்தம்மா தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"அப்பா, ப்ளீஸ் உக்காரு," என்றாள் நிலா. "இது ஷோ இல்ல. ஸ்ஹௌ. தொண்டையிலேருந்து சொல்லணும். வாய்க்காலை எல்லாரும் சுத்தம் பண்ணியிருக்காங்களான்னு வருஷா வருஷம் வந்து செக் பண்றது."

டச்சு மொழியில் பாதி எழுத்துகளைத் தொண்டையில் மீன்முள் சிக்கியவர்கள்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்தம்மா கழியைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்த்தார். பிறகு, இந்த வாய்க்காலை யார் பராமரிக்கிறீர்கள் என்று கேட்டார். மொழித் தேர்வில் பாஸ் செய்த மிடுக்கோடு நான், "அரசாங்கம்," என்றேன்.

பாதி வாய்க்கால் உங்களுடையது, எதிர்ப் பாதி அவருடையது என்றார் அந்தம்மா. அப்போதுதான் வாய்க்காலைச் சரியாகப் பார்த்தேன். ஹென்க்கின் பாதி கண்ணாடிபோல் கிடந்தது. என் பாதியில் நாணலும் பாசியும் ஒரு பழைய கால்பந்தும். நடுவில் வகிடு எடுத்ததுபோல ஒரு நேர்க்கோடு. இத்தனை நாளாக அந்த நாணலைக் காட்டித்தான் வருகிறவர்களிடம் "இயற்கைச் சூழல்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மேடையை எடுப்பதைப் பற்றி யோசித்துப் பார்க்கிறீர்களா என்றும் அந்தம்மா கேட்டார். யோசிக்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"யோசிக்கிறீங்களான்னு கேட்டா எடுன்னு அர்த்தம்பா," என்றாள் நிலா. "ரெண்டு வாரத்துல திரும்ப வருவாங்க. அப்புறம் இன்னொண்ணு சொன்னாங்க. நீ தண்ணியோட வழியில உக்காந்திருக்கியாம்."

அந்தம்மா ஒரு முறுக்கை எடுத்துக் கடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வாய்க்காலுக்குப் போனார்.

2

இது எனக்கு ஏன் அவமானம் என்றால், ஊரில் நான் தண்ணீர் நிபுணன்.

என் வேலைக்கும் தண்ணீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு கிடங்கில் எந்தப் பாலாடைக்கட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லும் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நெதர்லாந்து என்றாலே அணை என்று ஊரில் யாரோ படித்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் என் பெயர் "டேம் சார்". நானும் மறுக்கவில்லை. வாரம் ஒரு காற்றாலைப் படம், கூடவே "நம் அரசுகள் எப்போது விழிக்கும்?" என்று ஒரு வரி. இந்த வரிக்கு எப்போதும் கைதட்டல் பொம்மைகள் நிறைய விழும்.

போன வருஷம் லீவில் போயிருந்தபோது கிராம சபைக் கூட்டத்தில் என்னைப் பேச வைத்தார்கள். ஏற்பாடு ஏழுமலை. என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். ஏரிப் பாசன சங்கத்துக்குத் தலைவன். ஏரிக்குக் கீழே அவனுக்கு இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உண்டு. ஏரி நிறைந்தால்தான் கிணறு ஊறும். மலையிலிருந்து இறங்கும் ஓடையில் தண்ணீர் வந்தால்தான் ஏரி நிறையும். அந்த ஓடைக்கும் ஏரிக்கும் நடுவே வரத்து வாய்க்கால் என்று ஒன்று பழைய வரைபடத்தில் இருந்தது. தரையில் இல்லை. நல்ல மழைக் காலத்திலும் தண்ணீர் பாதி வழியில் எங்கேயோ முட்டி, தார் ரோட்டில் ஏறி, அடுத்த ஊர் ஓடைக்குப் போய்விடும்.

நான் பிய்த்து உதறினேன். அணைக்கும் தடுப்பணைக்கும் திறப்பு விழா உண்டு, ரிப்பன் உண்டு. வாய்க்காலைச் சுத்தமாக வைத்திருப்பதற்கு ரிப்பன் உண்டா? அதனால்தான் அதை யாரும் செய்வதில்லை. அரசு முதலில் நீர்வழிகளை அளந்து கல் நட வேண்டும். எந்த வாய்க்காலுக்கு யார் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதி வைக்க வேண்டும். கிணறுகளில் நீர்மட்டத்தை மாதாமாதம் பார்த்துப் பஞ்சாயத்துப் பலகையில் எழுத வேண்டும். யாருக்கு எத்தனை போர்வெல் என்பதற்கும் ஒரு வரைமுறை வேண்டும். பேசி முடித்தபோது ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி சொல்றதெல்லாம் கரீட்டு. அந்த ஊர்ல வெத்தல கெடைக்குதா?" என்று கேட்டார்.

ஏழுமலை விடவில்லை. "இதெல்லாம் மனுவா எழுதிக் குடுடா. நாங்க எழுதனா பத்தோட பதினொண்ணு. நீ அந்த ஊர் அட்ரஸ் போட்டு எழுது, இன்னா ஏதுன்னு பிரிச்சாவது பாப்பாங்க."

நாலு பக்கம் எழுதினேன். பொருள்: ஏரி வரத்து வாய்க்கால் ஆக்கிரமிப்புகளைப் பாரபட்சமின்றி அகற்றக் கோருதல். அந்தப் "பாரபட்சமின்றி" ஏழுமலை சொன்ன வாசகத்தில் இல்லை. காதுக்கு நன்றாக இருக்கிறதே என்று நானாகச் சேர்த்தேன்.

மனு எழுதுவதில் ஒரு சுகம் உண்டு. அரசாங்கம் எதுவும் செய்யாது என்ற உறுதியான நம்பிக்கையில் தைரியமாக எழுதலாம். எழுதிய கையோடு விமானம் ஏறிவிடலாம். அந்த நம்பிக்கைக்குத்தான் இந்த நவம்பரில் துரோகம் நடந்தது.

3

மேடை விவகாரம் நடந்த ஆறாம் நாள். காலையில் சைக்கிளில் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க? நம்ம கேட்டுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்காங்க."

"என்ன நோட்டீஸ்க்கா?"

"படிச்சா புரிஞ்சாதான. ஒன் பேரு ரெண்டு எடத்துல வருது. போட்டோ அனுப்பறேன் பாரு."

சைக்கிளை ஓரம் கட்டிப் படித்தேன். பெறுநர்: திரு. வெ. குமரேசன், ஆக்கிரமிப்பாளர். பார்வை: திரு. வெ. குமரேசன், நெதர்லாந்து, அவர்களின் மனு. மேற்படி மனுவின் பேரில் நில அளவை செய்யப்பட்டதில், தாங்கள் நீர்வழிப் புறம்போக்கை ஆக்கிரமித்து மதில் எழுப்பியுள்ளது தெரியவருகிறது. பதினைந்து நாள்களுக்குள் அகற்றிக்கொள்ள வேண்டியது. நகல்: மனுதாரருக்கு.

நகலும் அதே கேட்டில்தான் ஒட்டியிருந்தது.

"ஒன் மேலயே நீயே மனு போட்டுக்கினியா?" என்றாள் அக்கா. "ஊர்ல எத்தினி பேருக்குப் பகையாளி இருக்கான். எந்தப் பகையாளியும் இப்படிச் செய்ய மாட்டானே தம்பி."

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஊரில் வீடு கட்டினேன். அக்காவும் மாமாவும் இரண்டு பசுக்களும் அதில் இருக்கிறார்கள். மதில் கட்டும் வேலையை இங்கிருந்து வீடியோ காலில்தான் மேற்பார்வை பார்த்தேன். மேஸ்திரி போனைத் தரைக்குக் காட்டி, "சார், எடத்துக்கு நடுவால ஒரு பள்ளம் போவுதுங்க. வாய்க்கா மாரி தெரியுது. இன்னா பண்றது?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் ஜன்னல் வழியாக அப்போதைய வீட்டு டச்சு வாய்க்கால் தெரிந்துகொண்டிருந்தது. நான் சொன்ன பதில் ஒரே சொல். "மூடுங்க."

"தண்ணி கிண்ணி வந்துச்சின்னா..."

"அதுல தண்ணி வந்து யார் பாத்தது? மூடுங்க மேஸ்திரி."

பிறகு அதை மறந்தே போனேன். பள்ளம் மூடிய இடத்தில் முன்மதிலும் பின்மதிலும் எழுந்தன. நடுவே அக்காவின் மாட்டுக் கொட்டகை. பழைய வாய்க்காலின் நட்டநடுவில், இரும்பில் "நெதர்லாந்து இல்லம்" என்று வெட்டிய பச்சை கேட். வீடு மட்டும் ஓரமாக இருந்ததால் தப்பித்தது. தண்ணீர் எங்கேயோ முட்டி ரோட்டில் ஏறுகிறது என்று கிராம சபையில் முழங்கினேனே, அந்த எங்கேயோ என் வீடு.

4

ஏழுமலைக்குப் போன் போட்டேன். எடுத்ததும் சிரித்தான். சிரித்து முடிக்கக் காத்திருந்தேன்.

"டேய், ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்டா. நீதான் பேசிக்கினே இருந்தியே, நடுவுல சொல்ல எடம் குடுத்தியா?"

"அப்ப மனு எழுதச் சொன்னது..."

"நான் ஒன் மதில இடின்னு சொன்னா நீ இடிப்பியா? சொல்லு. அதான் ஒன் வாயாலயே சொல்ல வெச்சேன். வாய்க்கால்ல வாய் மட்டும் ஒன்கிட்ட இருக்குது. கால நீ மதிலு வெச்சு மூடிட்ட."

பிறகு குரலை இறக்கினான். அவன் கிணற்றில் கடைசிப் படி வரை காய்ந்து கிடக்கிறது. நட்ட கரும்பு பாதி மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. இந்த ஐப்பசி, கார்த்திகை மழை ஏரிக்கு வராவிட்டால் கரும்பை மாட்டுக்கு வெட்டிப் போட்டுவிட்டு உளுந்தூர்பேட்டையில் மச்சானின் லாரி ஷெட்டில் வேலைக்குப் போவதாகப் பேச்சு. "பாசன சங்கத் தலைவரு கிரீஸ் டப்பா தூக்கிக்கினு நின்னா பாக்க நல்லாவா இருக்கும்?"

வாய்க்காலில் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒருவர் மரவள்ளி நட்டிருக்கிறார். இன்னொருவர் களம் போட்டிருக்கிறார். அவர்களுக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்களாம்: "டேம் சார் மதிலு மொதல்ல போவட்டும். அப்பறம் எங்கள கேளுங்க." ஆக, மூன்று பேர் ஆக்கிரமிப்பும் என் ஒரு மதிலில் சாய்ந்து நின்றது.

மாமாவுக்கு வேறு யோசனை. கள்ளக்குறிச்சியில் தெரிந்த வக்கீல் ஒருவர், ஸ்டே வாங்கினால் நாலு வருஷத்துக்கு ஒருவரும் கிட்ட வர முடியாது என்றாராம். நாலு வருஷம் என்றால் நாலு மழை. ஏழுமலையால் ஒன்றுக்கே காத்திருக்க முடியாது.

எனக்குப் புத்திசாலித்தனம் பொங்கியது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தேன். மதிலுக்கு அடியில் குழாய், கொட்டகையைச் சுற்றி ஒரு வளைவு, பின்மதிலுக்கு அடியில் இன்னொரு குழாய். வண்ணம் தீட்டி ஏழுமலைக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் குரல் பதிவு வந்தது.

"படம் ஷோக்கா இருக்குதுடா. மலையிலேந்து வர்ற தண்ணி கல்லு, மண்ணு, முள்ளு, செத்த ஆடு எல்லாத்தையும் உருட்டிக்கினு வரும். ஒன் வூடுன்னு பாத்து, செருப்ப கழட்டி வெச்சிட்டு, கேட்ட தட்டிட்டு, இந்தக் கொழா வழியா ஒதுங்கிப் போவுமா?"

5

அந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே வாய்க்காலில் இறங்கினேன். நீர் வாரியத்து அம்மா திரும்பி வர மூன்று நாள்தான் இருந்தது. ஹென்க் தம்முடைய நீளமான ரப்பர் கால்சட்டையைக் கொடுத்தார். அவர் ஆறரை அடி. அந்தக் கால்சட்டை என் மார்பைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தது. குளிரில் பல் தந்தியடிக்க நாணலைப் பிடுங்கிக் கரையில் போட்டேன். பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கால்பந்து ஹென்க்கின் பேரனுடையது, கோடையிலிருந்து தேடுகிறார்களாம்.

பிடுங்கிக்கொண்டே யோசித்தேன். இந்த நாட்டுக்காரர்கள் தண்ணீரில் மேதைகள் என்று நான் ஊரில் அளந்துவிட்டேன். அப்படி ஒன்றும் இல்லை. தண்ணீரை வெளியே தள்ளியே பழகியவர்கள், ஒரு கோடையில் மழை பொய்த்தபோது தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று கெஞ்சினார்கள். இனித் தேக்கி வைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இப்போது கூட்டம் போடுகிறார்கள். நம் ஏரி வெட்டியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நம்மிடமும் சட்டம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, அளப்பதற்குச் சங்கிலி இருக்கிறது. இங்கே கூடுதலாக நான் பார்த்தது ஒன்றுதான். பூட்ஸ் போட்ட ஒருவர் வருஷா வருஷம் வந்து, குமரேசனின் பாதி எங்கே என்று கேட்கிறார். சரி செய்கிறேன் என்று சொன்னால் நம்பிவிட்டுப் போகாமல், திரும்பி வருகிறார். அரசாங்கங்கள் தண்ணீருக்குச் செய்யக்கூடிய பெரிய காரியம் இப்படித் திரும்பி வருவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரில் இப்போதுதான் முதல்முறையாக ஒரு சர்வேயர் அப்படி வந்து அளந்திருக்கிறார். அவரைத்தான் நான் ஸ்டே வாங்கித் துரத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கரையில் நிலா என் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டத்தான் வரும். நான் டச்சு படிக்கிற அதே லட்சணம்.

"ஆக்... கிர... மிப்... பா... ளர். அப்பா, அப்படின்னா யாரு?"

"அது... வந்து, தனக்குச் சொந்தமில்லாத இடத்துல..." என்று இழுத்தேன்.

நான் முடிப்பதற்குள் அவள் நோட்டீஸ் படத்தைப் பெரிதாக்கி மேலே கீழே பார்த்தாள். "உன் பேர் போட்டிருக்கு. ஓ, தெரியும். தண்ணியோட வழியில உக்காந்திருக்கறவர்."

தமிழ் அகராதி தயாரிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். நான் கேட்டதிலேயே சரியான பொருள் அதுதான்.

6

கரையேறி, சூடாக ஒரு டீ குடித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். மதிலை எடுத்துவிடலாம் என்றேன். அந்தப் பக்கம் பசு ஒன்று கத்தியது.

"மதிலு போனா நாயும் பன்னியும் உள்ள வரும்," என்றாள்.

"வேலி போட்டுக்கலாம்க்கா, வாய்க்காலை விட்டு."

"கொட்டா?"

"பின்னால தள்ளிப் போட்டுக் குடுக்கச் சொல்றேன்."

"ஊர்ல இன்னா சொல்வாங்க? வெளிநாட்டுல இருக்கறவன் வூட்டு மதில கவருமெண்டு இடிச்சிச்சுன்னு பேச மாட்டாங்க?"

"நாமளே இடிச்சோம்னு பேசட்டும்க்கா. அதுல கொஞ்சம் கவுரவம் இருக்கு."

அவள் யோசித்தாள். "கேட்ட மட்டும் அந்த மிஷினு தொடக் கூடாது. நான் ஆள வெச்சு பதமா கழட்டிக்கறேன். அதுல ஒன் ஊரு பேரு இருக்குது."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். தாலுகா ஆபீஸில் சம்மதக் கடிதம் அனுப்பச் சொன்னார்கள். ஆக்கிரமிப்பாளர் என்ற முறையில் ஒன்று. மனுதாரர் என்ற முறையில், நடவடிக்கை திருப்தி என்று இன்னொன்று. இரண்டிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மறுநாள் அந்த ஆபீஸிலிருந்து ஒருவர் மிக மரியாதையாகப் போன் செய்தார்.

"சார், ஒரு சின்ன சந்தேகங்க. மனுதாரர் கையெழுத்தும் ஆக்கிரமிப்பாளர் கையெழுத்தும் ஒரே மாரி இருக்குதுங்க."

"இரண்டும் நான்தாங்க."

"அது எப்படிங்க சார்?"

"அது ஒரு பெரிய கதைங்க."

கொஞ்சம் யோசித்தார். "சரிங்க. அவுங்க ரெண்டு பேரும் சமாதானமாப் போய்ட்டாங்கன்னு குறிப்பு எழுதிக்கறேங்க."

இன்னும் முழுசாகப் போகவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.

7

ஜேசிபி வந்தது. மாமா வீடியோவில் காட்டினார். ஏழு வருஷ மதில் ஏழு நிமிஷம் கூட நிற்கவில்லை. நான் மேற்பார்வை பார்த்த லட்சணம் அதிலேயே தெரிந்தது. முன்மதில், பின்மதில், கொட்டகை போய், மூடிய பள்ளம் மறுபடி பள்ளமானது. அதன் நடுவே இரண்டு தூணும் பச்சை கேட்டும் மட்டும் தனியாக நின்றன. கழற்ற வரவேண்டிய ஆள் வரவில்லை. அக்கா தினமும் பொழுது சாய்ந்ததும் போய் அந்தக் கேட்டைப் பூட்டிவிட்டு வருகிறாள் என்று ஏழுமலை தகவல் சொன்னான். இரண்டு பக்கமும் மாடு தாராளமாகப் போய் வருகிறது. "பழக்கம்டா, வுடு," என்றான். "கம்பி கேட்டுதான், தண்ணி நுழைஞ்சு போவும். ஆனா செத்தையெல்லாம் அதுல சிக்கிக்கும். கழட்டச் சொல்லு."

சொன்னேன். "எனக்குத் தெரியும் எப்ப கழட்டணும்னு," என்றாள் அக்கா.

மரவள்ளிக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு வழி விட்டார். களத்துக்காரர் பாதிக் களத்தை விட்டார், பாதிக்கு இன்னும் பேச்சு நடக்கிறது. இங்கே நீர் வாரியத்து அம்மா சொன்ன நாளில் திரும்பி வந்து, கழியை விட்டுப் பார்த்து, ஒரு தாளில் சரி என்று குறித்துக்கொண்டார். இந்தத் தடவை நான் கைதட்டவில்லை. அந்தம்மாதான் என்னைப் பார்த்து, மெதுவாக, இரண்டு முறை தட்டினார்.

அடுத்த வாரம் ஒரு மதியம் ஏழுமலை கூப்பிட்டான். அங்கே சாயங்காலம். மலையிலிருந்து சாமை கொண்டுவந்து சின்னசேலத்தில் விற்கிறவர் ஒருவர் அவனுக்குப் பழக்கம். மேலே காலையிலிருந்து மழை பிடித்துக்கொண்டது, ஓடை இறங்கிவிட்டது என்று அவர் போன் செய்தாராம். ஏழுமலை ஏரிக் கரையில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஊரே நிற்கிற சத்தம்.

"வருதாடா?"

"இரு இரு. கத்தாத."

போனை அவன் பிடித்தபடியே நின்றான். நான் ஆபீஸ் மாடிப்படியில் நின்றேன். வெகுநேரம் காற்றும் பேச்சுமாகக் கேட்டது. பிறகு யாரோ ஒரு பெண் "தோ, தோ!" என்று கத்தினாள். ஏழுமலை போனை வைத்துவிட்டான். இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி பேசினான். ஏரி நிறையவில்லை, உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழியவில்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே. "கெணத்துல எட்டுப் படி தெரிஞ்சிக்கினு இருந்துச்சு. இப்ப நாலுதான் தெரியுது. மச்சான்கிட்ட கிரீஸ் டப்பாவுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டேன்."

அது இரண்டு நாள் கழித்து. அன்றைக்கு அவன் போனை வைத்ததும் நான் பதற்றத்தில் அக்காவைத்தான் கூப்பிட்டேன். அவளுக்குப் பின்னால் ஒரு இரைச்சல். முதலில் மழை என்று நினைத்தேன்.

"வந்துச்சு தம்பி. நம்ம வூட்டு நடுவால போய்க்கினு இருக்குது. செவப்பா, நொரையா, இம்மாந்தண்ணி. பசு ரெண்டும் பயந்து கெடக்குது."

"கேட்டுல ஏதாவது சிக்கிச்சாக்கா?"

"கேட்ட தெறந்து வெச்சிட்டேன்பா. சத்தம் கேட்டுச்சு, சாவிய எடுத்துக்கினு ஓடனேன்."

"அக்கா, ரெண்டு பக்கமும் மதிலே இல்ல. கேட்டைத் திறக்க அவ்வளவு அவசரமா ஓடணுமா?"

"நல்லா இருக்குதே ஒன் பேச்சு," என்றாள் அக்கா. "மொத மொத நம்ம வூட்டுக்கு வருது. கேட்ட பூட்டி வெச்சிக்கினு உள்ள உக்காந்தா மரியாதையா?"